முதல் தர மிளகு

உலகம் மிளகைத் தின்னத் தொடங்கிப் பல நூறு தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் மிளகு எது என்பது 1999 பிப்ரவரி பதினெட்டாம் தேதி, பகல் பதினொன்றே காலுக்கு, கொல்லிமலை செம்மேட்டில்தான் தீர்மானிக்கப்பட்டது. அதுவரை மனிதகுலம் மிளகு என்று நம்பி எதைத் தின்றது என்பது தனியாக ஆராயப்பட வேண்டியது.

அந்த நிகழ்ச்சியில் நான் இருந்தேன். நாற்காலி போட்டவன் நான். வரவேற்புப் பலகை எழுதியவனும் நான்.

என் பெயர் அர்த்தனாரி. லேசர் ஒளியியல் தரப் பரிசோதனை மையத்தில் இளநிலை உதவியாளர். மையத்தில் மொத்தம் மூன்று பேர்: இயந்திரம், முதன்மை விஞ்ஞானி டாக்டர் தரணிதரன், நான். மரியாதையும் அதே வரிசையில்தான்.

இயந்திரம் ஒரு டிரங்குப் பெட்டி அளவு இருந்தது. அதற்குள்ளிருந்து சிவப்பாக ஓர் ஒளிக்கற்றை வரும். கீழே ஒரு தட்டு சுழலும். தட்டில் மிளகு. மிளகின் மேல் பட்டுச் சிதறும் ஒளியை இயந்திரத்தின் கண் வாங்கிக் கணிப்பொறிக்குச் சொல்லும். கணிப்பொறி தன் நினைவில் உள்ள "ஆதார மாதிரி"யோடு அதை ஒப்பிடும். ஒற்றுமை எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் மிளகு. குறைந்தால் மிளகு அல்ல. அறிவியலில் தாட்சண்யம் கிடையாது.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஜீப்பில் வந்தோம். வழியில் வாந்தி எடுக்காமல் வந்தது இயந்திரம் மட்டும்தான்.

கணிப்பொறிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே மையத்தின் தமிழ் முழுவதும் என் கையெழுத்தில் இருந்தது. பெயர்ப் பலகை, பதிவேடு, அறிவிப்பு, உத்தரவு எல்லாம். என் எழுத்து குண்டு குண்டாக, சாயாமல் நிற்கும். 'ழ' எழுதினால் கடைசிச் சுழியை ஒரு சுற்று கூடச் சுற்றுவேன். வேலை கிடைத்ததே அதனால்தான்.

லேசருக்கு எல்லாம் தெரியும். ஆனால் முதலில் ஒரு முறை மிளகைக் காட்ட வேண்டும்.

"அர்த்தனாரி, நல்ல மிளகு ஐந்து கிலோ வேண்டும்" என்றார் டாக்டர்.

"இங்கயே விளையுதுங்க சார். பக்கத்துத் தோட்டத்துல கேட்டா..."

"பரிசோதிக்கப்படாத மிளகை நாம் வாங்க முடியாது. விதிப்படி வாங்கு."

விதி என்பது மூன்று விலைப்புள்ளிகள். மூன்றில் குறைந்த விலை. மிளகு விளையும் மலையிலிருந்து இறங்கி, மிளகு விளையாத முள்ளுக்குறிச்சிக்குப் போனேன். அங்கே ஒரு மளிகைக் கடை. முதலாளி உதவும் உள்ளம் கொண்டவர். மூன்று கடைகளின் பெயரில், மூன்று நிற மையில், மூன்று விலைப்புள்ளிகளை அவரே எழுதிக் கொடுத்தார். நீல மை விலை குறைவாக இருந்தது. அந்த விலையில் மிளகு எப்படிக் கட்டுப்படியாகும் என்று நான் கேட்கவில்லை. விதியில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

பில்லில் "முதல் தர மிளகு, 5 கிலோ" என்று இருந்தது. பில்லில் இருப்பதுதான் பொருள். அலுவலகங்கள் இந்த அடிப்படை விதியில்தான் இயங்குகின்றன.

திறப்பு விழாவில் அந்த மிளகு இயந்திரத்துக்குக் காட்டப்பட்டது. இயந்திரம் சிவந்து பார்த்து, மனதில் பதித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் அதில் இருநூறு கிராம் எடுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மேசைமேல் வைத்தார். நான் லேபிள் எழுதி ஒட்டினேன். முதல் தர மிளகு.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "உன் எழுத்தில் ஒரு நம்பகத்தன்மை இருக்கிறது" என்றார்.

அடுத்த வாரம் திட்டம் அறிவிக்கப்பட்டது. சான்றிதழ் உள்ள மிளகை மட்டுமே கூட்டுறவுச் சங்கம் வாங்கும். சான்றிதழ் உள்ள மூட்டையைச் சங்கம் பிரித்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அது அறிவியலை அவமதிப்பதாகும். மூன்று முறை தேறாத தோட்டத்தில் "தரமற்ற கொடி நீக்கத் திட்ட"த்தின்படி மிளகுக் கொடிகள் வெட்டப்படும். அதன்பின் அந்த நாடு (கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) முழுவதும் "தர மண்டலம்" ஆகும்.

முதலில் வந்தவர் குண்டனி நாட்டு மாதம்மாள். ஐம்பது வயதிருக்கும். சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட அறுபத்திரண்டு கொடிகள் அவருக்கு. அதை விட்டால் கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை. கொடி ஒவ்வொன்றையும் அவரே நட்டு, அவரே ஏணி போட்டுப் பறிப்பவர். மஞ்சள் பையை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

தட்டு சுழன்றது. பிரிண்டர் கத்தியது. முப்பத்தொன்று.

"மிளகு அல்ல" என்றார் டாக்டர்.

"என்னங்க சாமி?"

"இது மிளகு அல்ல, அம்மா."

மாதம்மாள் பைக்குள் எட்டிப் பார்த்தார். வரும் வழியில் யாராவது மாற்றிவிட்டார்களோ என்று பார்ப்பதுபோல இருந்தது. ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

"காரமாத்தானுங்க இருக்குது."

"காரம் உங்கள் சொந்த அபிப்பிராயம். எப்படிக் காயவைத்தீர்கள்?"

"கொதிக்கற தண்ணியில ஒரு முக்கு முக்கிப் பாறையில கொட்டுவமுங்க. அப்பத்தான் கறுப்பு ஒரே மாதிரி ஏறும், பளபளன்னு இருக்கும்."

"பார்த்தாயா? செயற்கைப் பளபளப்பு. எழுதிக்கொள்."

எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் மாதம்மாள் பாட்டிலைப் பார்த்தார்.

"ஏனுங்க, அது என்னதுங்க?"

"அதுதான் மிளகு" என்றார் டாக்டர்.

மாதம்மாள் பாட்டிலை எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பினார். ஒரே முறைதான்.

"இது பப்பாளி வெதைங்க சாமி."

பாட்டிலை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏறக்கொறைய அத்தனையும் பப்பாளி வெதைங்க. நீட்டமா இருக்குது பாருங்க. மெளகு உருண்டையா இருக்கும். இதா, இது ஒண்ணு மெளகு. இதா, இது ஒண்ணு. மிச்சமெல்லாம் வெதை."

"வெறும் கண்ணால் பார்த்தா சொல்கிறீர்கள்?"

"கண்ணாலதானுங்க பாக்கோணும்."

"அம்மா, மனிதக் கண் ஏமாறும். லேசர் ஏமாறாது. தவிர, இந்த மிளகுக்கு பில் இருக்கிறது. உங்கள் மிளகுக்கு இருக்கிறதா?"

"கொடி இருக்குதுங்க."

"கொடி ஆவணம் ஆகாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பில்லைப் பார்த்தேன். பில் சரியாக இருந்தது.

ஆதார மாதிரியை மாற்ற முடியாது என்பதில்லை. அதற்கு ஒரு படிவம் உண்டு. "தவறுக்குக் காரணமானவர்" என்று அதில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் என் பெயர்தான் வரும். எனக்கு அது தகுதிகாண் பருவம். நானும் அறிவியலின் பக்கம் நின்றேன்.

இரண்டு நாள் கழித்து மாதம்மாளின் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சின்னராசு வந்தார். கையில் பை இல்லை.

"அந்தப் பாட்டல ஒருக்கா பாத்துக்கலாமுங்களா?"

செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். பாட்டிலைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த மிளகு எண்பத்தெட்டு வாங்கியது. அதற்கடுத்த வாரம் தொண்ணூற்றேழு.

டாக்டர் நெகிழ்ந்துவிட்டார். "ஒரே வாரத்தில் எப்படி முன்னேறினீர்கள்?"

"நல்ல மெளகு எப்படி இருக்கோணும்னு இங்க வந்துதானுங்க தெரிஞ்சுக்கிட்டன்."

அவருக்கு "முன்னோடி விவசாயி" பட்டம் தரப்பட்டது. சால்வை போர்த்தினோம். வாழ்த்து மடல் நான் எழுதினேன். மற்றவர்களும் சின்னராசுவிடம் பயிற்சி பெற்றார்கள். வாரச் சந்தையில் பப்பாளி பத்து மணிக்கே தீர்ந்தது. வாங்கியவர்கள் பழத்தை அங்கேயே மாடுகளுக்குப் போட்டுவிட்டு விதையை மட்டும் துணியில் முடிந்துகொண்டு போனார்கள். மாடுகள் கொழுத்தன. மலை முழுவதும் "தர விழிப்புணர்வு" ஏற்பட்டிருப்பதாகக் காலாண்டு அறிக்கையில் குறிப்பிட்டோம்.

மாதம்மாள் ஏப்ரலில் இரண்டாம் முறை வந்தார். இருபத்தொன்பது. வாசல் படியில் சின்னராசு அவரைப் பிடித்துக்கொண்டார். சன்னல் திறந்திருந்தது.

"ஏக்கா, ரெண்டு படி வெதயக் கலந்துட்டுப் போவியா, இப்படி வம்பு பண்ணிக்கிட்டு."

"மெளகுல ஒரு குருணிக்கல்லு கெடந்தாலே பொறுக்கி எறியறவ நானு. நானே வெதய அள்ளிப் போடறதா?"

"மிசினு அதத்தான கேக்குது."

"மிசினா திங்குது? மனுசந்தான திங்கறான்."

"திங்கறவன் கெடக்கறான். நாளைக்குக் கொடிய வெட்டிப்போட்டா என்ன பண்ணுவ?"

மாதம்மாள் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். எடுத்துவந்த மிளகு ஒரு மணி குறையாமல் திரும்பிப் போனது.

மே மாதம் கொச்சி வரை போன பதினொரு மூட்டைகள் திரும்பி வந்தன. நம் தரத்தை ஏற்கும் பக்குவம் எல்லா ஊர்களுக்கும் இல்லை. கூடவே ஒரு கடிதம் இருந்தது. மலையாளத்தில். எழுதியவர் கோபமாக இருந்தார் என்பது பேனா அழுத்தத்திலிருந்து தெரிந்தது. மொழிபெயர்ப்புக்கு நிதி ஒதுக்கீடு இல்லாததால் கோப்பில் வைத்தேன்.

ஜூன் மாதம் ஆதார மாதிரியின் மீதியில் வண்டு வைத்தது. தணிக்கைக்கு முன் அப்புறப்படுத்தச் சொன்னார் டாக்டர். கட்டடத்துக்குப் பின்னால், சன்னலுக்குக் கீழே கொட்டினேன். மறுநாள் மழை.

ஆகஸ்டில் அங்கே செடிகள் நின்றன. பதினைந்து இருபது. குழல் காம்பு, விரல் விரித்த இலை. எனக்குத் தாவரவியல் தெரியாது. ஆனால் கைக்குழந்தைக்கும் தெரியும் செடிகள் என்று சில உண்டு.

டாக்டரை அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் வெகுநேரம் குனிந்து நின்றார்.

"என்ன இது, அர்த்தனாரி?"

"ஆதார மாதிரி கொட்டின இடங்க சார்."

"அதைக் கேட்கவில்லை."

"செடிங்க சார்."

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு விஞ்ஞானி உண்மையை நேருக்கு நேர் சந்திக்கும் கணம் அது. நான் அருகில் நின்று பார்த்தேன்.

"வேலி போடு" என்றார்.

வேலி போட்டேன். "வளாகப் பசுமைத் திட்டம்" என்று ஒரு பலகை எழுதி நட்டேன். 'ழ' இல்லாத சொற்கள். இருந்தாலும் நன்றாக அமைந்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு ஜனவரியில் புது அறுவடை வந்தது. மாதம்மாளுக்கு அது மூன்றாம் முறை, கடைசி முறை. இந்த முறை பையோடு ஒரு கொடித் துண்டையும் கொண்டுவந்திருந்தார். பச்சையும் சிவப்புமாகச் சரம் தொங்கியது. இலைகூட வாடவில்லை.

"இதுல காச்சதுதானுங்க இது. இதக் கொஞ்சம் உங்க மிசினுகிட்டக் காட்டுங்க சாமி."

"ஈரப்பதம் அதிகம். தட்டில் வைக்கக் கூடாது."

"அப்ப நீங்களாச்சும் பாருங்க."

டாக்டர் திரையைப் பார்த்தார். தட்டில் பையிலிருந்த மிளகு சுழன்றது. முப்பது.

"முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பது" என்றார் டாக்டர் என்னிடம். குரல் தழுதழுத்தது. "ஓராண்டாகிறது. இயந்திரத்தின் நிலைத்தன்மையைப் பார்."

மாதம்மாள் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. பிறகு என்னைப் பார்த்தார்.

"பசுமைத் திட்டம்" என்றேன்.

"நல்லா வந்திருக்குதுங்க" என்றார்.

உத்தரவை நான்தான் எழுதினேன். அரைப்பக்கம். "மேற்படி தோட்டத்தில் உள்ளவை மிளகுக் கொடிகள் அல்ல என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதால்" என்று தொடங்கும். டாக்டர் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

கொடியை மரத்திலிருந்து இழுக்க வேண்டியதில்லை. அடியில் வெட்டினால் போதும். மேலே தானாகக் காய்ந்துவிடும். இரண்டு ஆட்கள், இரண்டு அரிவாள், ஒரு முற்பகல். அறுபத்திரண்டு வெட்டு. நான் எண்ணிக் குறித்துக்கொண்டேன். வெட்டும் இடமெல்லாம் மிளகு வாசம். ஆட்களில் ஒருவர் தும்மிக்கொண்டே இருந்தார். மிளகு அல்லாத ஒன்றுக்கு இவ்வளவு தும்முவது தேவையற்றது என்று நினைத்தேன்.

மாதம்மாள் குறுக்கே வரவில்லை. முடிந்ததும் உத்தரவைக் கேட்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"படிக்கத் தெரியுமா?" என்றேன்.

"தெரியாதுங்க."

நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் குண்டனி நாடு "தர மண்டலம்" ஆயிற்று.

மையம் இரக்கம் இல்லாதது அல்ல. "பாதிக்கப்பட்டோர் மறுவாழ்வு" என்ற தலைப்பில் மாதம்மாளுக்குத் தினக்கூலியில் வேலை தரப்பட்டது. தரை கூட்டுவது, இயந்திரத்தின் உறையைத் துவைப்பது, பசுமைத் திட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது. அவர் ஊற்றியதில் திட்டம் நன்றாகக் காய்த்தது.

ஆகஸ்டில், எங்கள் மையத்தை நடத்தும் நிறுவனத்தின் இயக்குநர் ஆறுமுகசாமி மதிப்பீட்டுக்கு வந்தார். முப்பது ஆண்டு ஒளியியல் அனுபவம் கொண்டவர். வரைபடங்களைப் பார்த்தார். முன்னோடி விவசாயி சின்னராசுவோடு படம் எடுத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாதம்மாள் ஒரு பழத்தை அறுத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். நடுவில் விதை கறுத்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

இயக்குநர் ஒரு துண்டு தின்றார். "அருமை. எங்கே வாங்கியது?"

"நம் வளாகத்திலேயே விளைந்தது, ஐயா" என்றார் டாக்டர்.

"என்ன ரகம்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். மாதம்மாள் வாசல்படியில் நின்றபடி சொன்னார்:

"ஆபீஸு வெதைதானுங்க சாமி. அந்தப் பாட்டல்ல இருக்குது பாருங்க, அதேதான்."

இயக்குநர் எழுந்தார். மேசைக்குப் போய்ப் பாட்டிலை எடுத்தார். லேபிளைப் படித்தார். பாட்டிலைக் குலுக்கினார். தட்டைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார். என் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இயக்குநர் பாட்டிலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்த மையத்தின் வெற்றியை அடிப்படையாக வைத்து ஐந்து மலைகளில் ஐந்து மையங்கள் கேட்டிருந்தேன். போன வாரம் ஒப்புதல் வந்துவிட்டது" என்றார். "எல்லா இடத்திலும் ஒரே தரம் இருக்க வேண்டும். ஆதார மாதிரி இங்கிருந்தே போகட்டும்."

"மாதிரி தீர்ந்துவிட்டது, ஐயா" என்றார் டாக்டர் மெல்ல.

"தீரவில்லை" என்றார் இயக்குநர். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். "விதையைக் கொட்டிவிடாதீர்கள்."

பெரிய மனிதர்களின் தீர்க்கதரிசனம் எளிய சொற்களில்தான் வரும். டாக்டர் இதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அன்று மாலையே வேலை தொடங்கியது. மாதம்மாள் மரத்தில் இருந்த பழங்களை எல்லாம் பறித்து அறுத்தார். விதையை அரித்துக் கழுவினார்.

"இதயும் கொதிதண்ணியில ஒரு முக்கு முக்கோணுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"வேண்டாம். செயற்கைப் பளபளப்பு வந்துவிடும்" என்றேன்.

நான்கு நாள் வெயிலில் விதை சுருங்கிக் கறுத்தது. இயந்திரத்தில் வைத்துப் பார்த்தோம். நூறு. மையத்தின் வரலாற்றில் முதல் நூறு. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஐந்து பாட்டில்கள் வந்தன. மாதம்மாள் நிரப்பி மூடி வரிசையாக வைத்தார். நான் லேபிள் எழுதினேன். அவசரப்படவில்லை. ஐந்து மலைகளுக்குப் போகும் எழுத்து. முதல் தர மிளகு. ஒவ்வொரு எழுத்தும் குண்டு குண்டாக, சாயாமல் நின்றது.

மாதம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நல்லா இருக்கிறதா?" என்றேன்.

அவர் சுருக்குப் பையை அவிழ்த்தார். நான்காக மடித்த தாளை எடுத்து, பிரித்து, மை காயாத லேபிளின் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் ஒரு முறை பார்த்தார். ஒரே முறைதான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார். "ஆனா பாத்தாத் தெரியும். ரெண்டும் ஒரே கைதானுங்க."